பத்தாவது ஆள்

ஒன்பது மகா பண்டிதர்கள் ஓர் இடத்தில் கூடியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வேதத்தை முன்னும் பின்னுமாக ஒப்பிக்கக் கூடியவர்கள்; ஆளுக்கு ஒரு முழம் தாடி. ஆனாலும் யூதர்களின் சம்பிரதாயப்படி அவர்களால் சபைப் பிரார்த்தனையைத் தொடங்க முடியாது. பக்கத்துச் சந்தில் செருப்புத் தைக்கிற பத்துப் பேர், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களாகவே இருக்கட்டும், ஒன்று சேர்ந்தால் தாராளமாகத் தொடங்கலாம்! யூதர்களே சிரித்துக்கொண்டு சொல்லும் சமாசாரம் இது. சிரிப்புக்காகச் சொன்னாலும் விதி என்னவோ அதுதான். பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேர் கூட்டத்துக்கு ‘மின்யான்’ என்று பெயர்.

வீட்டில் தனியாக உட்கார்ந்து கடவுளைத் தொழுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஜெப ஆலயத்துப் பேழையைத் திறந்து, தோரா என்னும் வேதச் சுருளை எடுத்துச் சபையில் வாசிக்க வேண்டுமா? பத்துப் பேர் வேண்டும். தாயையோ தகப்பனையோ பறிகொடுத்தவன் அவர்களுக்காக ‘கதீஷ்’ என்ற பிரார்த்தனையைச் சொல்ல வேண்டுமா? அதற்கும் பத்துப் பேர் வேண்டும். ஆகவே அடுத்த வீட்டுக்காரனோடு எத்தனை மனஸ்தாபம் இருந்தாலும், அவன் ஒருநாள் நம் வீட்டுத் துக்கத்தில் பத்தாவது ஆளாக வந்து நிற்க வேண்டியவன் என்ற நினைப்பு உள்ளூர இருந்துகொண்டே இருக்கும்.

“பெண்கள் அந்தப் பத்தில் சேர்த்தியா?” என்று கேட்பீர்கள். பழைய வழக்கப்படி சேர்த்தி இல்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். கணக்கில் சேராத அந்தப் பெண்மணிகள் என்னென்ன செய்தார்கள் என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

இதற்காக நாம் ஜெருசலேம் வரை பிரயாணம் செய்ய வேண்டியதில்லை. கொச்சி வரை போனால் போதும்.

*

மலையாள நாட்டில் யூதர்கள் எப்போது வந்து இறங்கினார்கள் என்பதைப் பற்றிப் பல கதைகள் உண்டு. சாலமோன் ராஜாவின் கப்பல்கள் காலத்திலேயே வந்ததாகக்கூடச் சொல்வார்கள். கதைகளை விட்டுவிட்டுக் கையில் இருக்கும் சாட்சியைப் பார்ப்போம். சுமார் கி.பி. 1000இல் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர அரசர் ஜோசப் ரப்பான் என்ற யூத வர்த்தகருக்குச் செப்பேடு ஒன்று கொடுத்தார். வட்டெழுத்தில் வெட்டப்பட்டது. தமிழும் மலையாளமும் இன்னும் முழுவதும் பிரிந்து போகாத காலத்துப் பாஷை. ‘அஞ்சுவண்ணம்’ என்ற பட்டமும், அதோடு 72 உரிமைகளும் அவருக்குக் கிடைத்தன. பகல் விளக்கு, குடை, பறை, தோரணம், பாவாடை என்று வரிசையாக வருகிறது. இந்தப் பாவாடை நாம் உடுத்தும் பாவாடை அல்ல. பெரிய மனிதர்கள் நடந்து வரும்போது தெருவில் விரிக்கும் நடைபாவாடை!

கொடுங்கல்லூரில் இப்படி வாழ்ந்தவர்கள், பதினாறாம் நூற்றாண்டில் அங்கே சண்டையும் போர்த்துகீசியரின் தொல்லையும் தாங்க முடியாமல் போகவே, கொச்சி ராஜாவிடம் அடைக்கலம் புகுந்தார்கள். ராஜா தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். அந்த இடத்தில் 1568இல் எழுந்ததுதான் மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயம். ஸ்பெயினிலிருந்தும் மற்றத் தேசங்களிலிருந்தும் பின்னால் வந்து சேர்ந்த யூதர்களுக்குப் ‘பரதேசி’கள் என்று பெயர். முன்பே இங்கு வேரூன்றியவர்கள் மலபார் யூதர்கள். மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, சேந்தமங்கலம், பறவூர், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று என்று மொத்தம் எட்டு ஆலயங்கள். மலையாளத்தில் ‘யூதப் பள்ளி’ என்பார்கள்.

இந்த எட்டிலும் ‘ரபி’ என்று பட்டம் வாங்கிய குருமார் யாரும் கிடையாது. சபையின் மூப்பர்களே தொழுகையை நடத்தினார்கள். அவர்களே வழக்கைத் தீர்த்தார்கள். ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அவர்களே முன்னால் நின்றார்கள். ஆலயம் என்பது தொழும் இடம் மட்டுமாக இருக்கவில்லை. பள்ளிக்கூடம், பஞ்சாயத்து, தர்மச் சத்திரம் எல்லாம் அதைச் சுற்றியே இருந்தன.

*

மட்டாஞ்சேரி ஆலயத்தில் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேறு தேசத்து யூதர்கள் இதைக் கண்டு அதிசயிப்பார்கள். நமக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. காலுக்குக் கீழே சீனத்துப் பீங்கான் ஓடுகள். 1762இல் சீனாவிலிருந்து தருவித்துப் பதித்தவர் எசக்கியேல் ரஹபி என்ற பெரிய வர்த்தகர். வெள்ளைப் பரப்பில் நீல நிறச் சித்திரம். ஒவ்வொன்றும் கையால் எழுதியது. தலைக்கு மேலே கண்ணாடிச் சரவிளக்குகள்.

பெண் வாசகர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஓட்டையும் விளக்கையும் பற்றி அல்ல. மாடியைப் பற்றி. எந்தத் தேசத்து யூத ஆலயத்திலும் பழைய முறைப்படி பெண்களுக்குத் தனி இடம் உண்டு. மாடியில், மரச் சட்டத் தடுப்புக்குப் பின்னால் அவர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். வேதம் வாசிக்கும் மேடையோ கீழே, கூடத்தின் நடுவில். ஆனால் கொச்சிப் பக்கத்து ஆலயங்களில் மட்டும் ஒரு விசேஷம். கீழே ஒரு மேடை இருக்கும். மாடியில், பெண்கள் பகுதிக்கு முன்னால் இன்னொரு மேடையும் இருக்கும். ஓய்வு நாளிலும் பண்டிகை நாட்களிலும் வேதச் சுருளை மாடிக்கே கொண்டுவந்து வாசிப்பார்கள். பத்துப் பேரில் ஒருத்தியாக எண்ணப்படாவிட்டாலும், வேதத்தை எல்லோரையும்விடக் கிட்டத்தில் இருந்து கேட்டவள் கொச்சிப் பெண்தான்.

பேழைக்கு முன்னால் தொங்கும் திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணப்பெண் கல்யாணத்தன்று உடுத்திய பட்டு முண்டு, பின்னாளில் பேழைத் திரையாக மாறுவது உண்டு. கல்யாணம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. யூத சாஸ்திரப்படி மோதிரம் அணிவித்தால் விவாகம் பூர்த்தி. கொச்சியிலோ மோதிரத்தோடு தாலியும் உண்டு! மலையாளத்துப் பெண்கள் எல்லாரும் அணியும்போது தம் வீட்டுப் பெண் மாத்திரம் வெறுங் கழுத்தோடு நிற்பதாவது என்று எந்தத் தாய் முதலில் நினைத்தாளோ!

*

அடுக்களைக்கு வருவோம். மாமிசத்தையும் பாலையும் சேர்த்துச் சமைக்கக் கூடாது என்பது யூதர்களின் ஆகார விதிகளில் முக்கியமானது. மலையாள தேசத்தில் இந்த விதியால் நாக்குக்கு நஷ்டம் ஒன்றும் ஏற்படவில்லை. தேங்காய்ப் பால் இருக்கிறதே! கோழிக் குழம்பு தேங்காய்ப் பாலில் கொதித்தது, விதியும் பிழைத்தது.

ஆனால் பெஸாஹ் பண்டிகை வந்துவிட்டால் கதை வேறு. எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர்கள் விடுதலை பெற்று வெளியேறியதை நினைவுகூரும் பண்டிகை. புளித்த மாவு வீட்டில் ஒரு துளி இருக்கக் கூடாது. மார்ச், ஏப்ரலில் வரும் இந்தப் பண்டிகைக்குக் கொச்சிப் பெண்கள் டிசம்பரில் வரும் ஹனுக்கா பண்டிகை முடிந்த கையோடு தயாராகத் தொடங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும். பாத்திரங்களுக்கு ஈயம் பூச வேண்டும். அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, மசாலாச் சாமான்களைக் கழுவி உலர்த்தித் தனியே எடுத்துவைக்க வேண்டும். கிணற்றையும் இறைத்துச் சுத்தம் செய்வார்கள். இந்த நூறு நாளில் வீட்டுக்காரி சின்னத் தப்புச் செய்தாலும் கணவனுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து வரும் என்று ஒரு நம்பிக்கை வேறு. (தப்பு நேர்ந்தால் ஆபத்து கணவனுக்கு, ஆனால் நூறு நாள் முதுகு ஒடிவது மட்டும் மனைவிக்கு!)

இத்தனை வேலையையும் ஒருத்தி தனியாகச் செய்து முடிக்க முடியுமா? முடியாது. இன்று உன் வீட்டு அரிசி, நாளைக்கு என் வீட்டு அரிசி என்று கூடி உட்கார்ந்து பொறுக்கினார்கள். புளிக்காத ரொட்டியைச் சேர்ந்து சுட்டார்கள். வசதி இல்லாத வீடுகளுக்கு என்ன வழி என்றால், அதற்கும் யூதர்களிடையே மிகப் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பண்டிகைக்கு முன்பே சபையில் ‘கோதுமைக் காசு’ என்று வசூல் செய்து, இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். பண்டிகை இரவில் விருந்து தொடங்குவதற்கு முன் பசித்தவர்களை உள்ளே அழைப்பது சடங்கின் ஒரு பகுதியாகவே அமைந்திருக்கிறது. வெளியூர்க்காரன் ஒருவன் அன்று தெருவில் தனியாக நின்றால் அது ஊருக்கே அவமானம்.

பண்டிகையில் உதவுவது சுலபம். துக்கத்தில்தான் மனிதர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால், இறந்தவரைக் குளிப்பாட்டி, சவத்துணி உடுத்தி, அடக்கம் செய்வது வரைக்கும் சபையைச் சேர்ந்தவர்களே செய்வார்கள். இறந்தவள் பெண்ணானால் பெண்கள் செய்வார்கள். கூலி கிடையாது. செத்தவர் பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே உபகாரங்களில் இதுவே மெய்யான உபகாரம் என்பது அவர்கள் கொள்கை. சவத்துணி வெறும் வெள்ளைத் துணி. பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே மாதிரி. அதில் பை வைத்துத் தைப்பதில்லை. எடுத்துக்கொண்டு போக என்ன இருக்கிறது?

பிறகு ஏழு நாள் துக்கம். துக்கம் காப்பவர்கள் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. தாழ்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பியதும் அவர்கள் உண்ணும் முதல் உணவு அவர்கள் வீட்டு உணவாக இருக்கக் கூடாது. அயலார் சமைத்துக் கொண்டுவந்ததாகவே இருக்க வேண்டும். பெரும்பாலும் முட்டையும் பருப்பும். வாழ்வும் சாவும் சக்கரம்போல் உருள்வதைக் காட்ட உருண்டையான பண்டங்கள். துக்க வீட்டு அடுப்பைப் பற்றி நமக்கும் இதே மாதிரி வழக்கம் இருக்கிறது அல்லவா? ஆனால் அவர்களிடம் இன்னொரு நாசூக்கும் உண்டு. துக்கம் கேட்க வந்தவர் தாமாக வாயைத் திறக்கக் கூடாது. துக்கப்படுகிறவர் பேசினால் பேச வேண்டும். பேசாவிட்டால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். “எப்படி ஆயிற்று? டாக்டர் யார்? எத்தனை மணிக்கு?” என்று கேட்டுத் துளைக்கும் நம்மவர்களுக்கு இதைச் சற்றுச் சொல்லிக்கொடுத்தால் தேவலை என்பது என் அபிப்பிராயம்.

ஆலயத்துக்குப் போக முடியாத அந்த வீட்டுக்கு ஆலயமே வந்துவிடும். ஆமாம், பத்துப் பேர் காலையும் மாலையும் வீடு தேடி வருவார்கள், கதீஷ் சொல்ல.

*

ஊருக்கே கஷ்டம் வந்தபோது என்ன செய்தார்கள்?

1662இல் டச்சுக்காரர்கள் கொச்சிக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். யூதர்கள் அவர்களுக்கு உதவினார்கள். முற்றுகை பலிக்கவில்லை, டச்சுக்காரர்கள் பின்வாங்கிப் போய்விட்டார்கள். போர்த்துகீசியர்கள் தங்கள் கோபத்தை யூதத் தெருவின் மேல் காட்டினார்கள். வீடுகள் கொள்ளை போயின. ஆலயத்துக்கும் தீ வைத்தார்கள். மறு வருஷம் டச்சுக்காரர்கள் திரும்பி வந்து கொச்சியைப் பிடித்த பிறகுதான் மூச்சு வந்தது. இடிந்ததைத் திருப்பிக் கட்டினார்கள்.

கட்டிடத்தைக் கட்டிவிடலாம், புஸ்தகங்களுக்கு எங்கே போவது? உதவி ஹாலந்திலிருந்து வந்தது. ஆம்ஸ்டர்டாம் நகர யூதர்களும் ஸ்பெயின், போர்ச்சுகல் தேசங்களிலிருந்து துரத்தப்பட்டவர்களின் சந்ததிகளே. 1686இல் மோசஸ் பெரைரா டி பைவா என்பவர் அங்கிருந்து கப்பலேறிக் கொச்சிக்கு வந்தார். இங்கே எத்தனை குடும்பங்கள், என்ன பழக்கவழக்கம் என்று குறித்துக்கொண்டு போய் 1687இல் போர்த்துகீசிய மொழியில் அச்சிட்டார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து புஸ்தகங்கள் வந்தன. கொச்சிக்காரர்களுக்கான பிரார்த்தனை நூல்கள் பிற்காலத்தில் அங்கேயே அச்சாகிவந்தன. பல மாதக் கப்பல் பிரயாண தூரத்தில் இருந்தவர்கள், முகம் அறியாதவர்களுக்குச் செய்த உதவி அது.

கடல் கடந்து நீண்ட இந்தக் கை, பக்கத்தில் நின்ற தம்மவர்களுக்கு எட்டவில்லை என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பரதேசி யூதர்கள் தங்களை ‘வெள்ளை யூதர்’ என்று அழைத்துக்கொண்டார்கள். மலபார் யூதர்களோடு கொள்வினை கொடுப்பினை இல்லை. தங்கள் ஆலயத்தைச் சேர்ந்த சில குடும்பங்களையே, அவர்களுடைய முன்னோர்கள் அடிமையிலிருந்து விடுதலை பெற்றவர்கள் என்று சொல்லித் தாழ்வாக நடத்தினார்கள். அவர்கள் பெஞ்சியில் உட்காரக் கூடாது. சபையில் வேதம் வாசிக்கக் கூடாது. இறந்தாலும் பரதேசிகளின் மயானத்தில் இடம் கிடையாது. நம் ஜாதிக் கட்டுப்பாடு அங்கேயும் போய் நன்றாகச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டது!

அந்தக் குடும்பங்களில் ஒன்றில் 1882இல் பிறந்தவர் ஏ. பி. சேலம். சென்னைச் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, சட்டமும் படித்து எர்ணாகுளத்தில் வக்கீலாக இருந்தார். 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய் வந்தவர். கொச்சி சட்டசபையிலும் அங்கம் வகித்தார். ‘யூத காந்தி’ என்றே அவரைச் சொல்வார்கள். பெயருக்கு ஏற்றபடி தம் சொந்த ஆலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். அடிதடி இல்லை, ஆலயத்தை உடைத்துக்கொண்டு தனி ஆலயம் கட்டவும் இல்லை. வருஷக் கணக்கில் விடாமல் போராடினார். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1950இல் அவருடைய மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண் ஒருத்தியை மணந்தபோது, அந்த விவாகம் கொச்சியில் நடக்கவில்லை, பம்பாயில் நடந்தது. அதுவரைதான் வழி விட்டார்கள்.

அதே பிரிவில் 1912இல் பிறந்த ரூபி டேனியல் என்ற பெண்மணியையும் குறிப்பிட வேண்டும். எர்ணாகுளத்தில் படித்தார், உத்தியோகம் பார்த்தார், இரண்டாம் மகா யுத்தத்தின்போது இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். மட்டாஞ்சேரித் தெருவில் ஒரு யூதப் பெண் கடற்படைச் சேவைக்குப் புறப்பட்டபோது என்னென்ன பேசியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்! 1951இல் இஸ்ரேலுக்குப் போன அவர் 1995இல் தம் வாழ்க்கை நினைவுகளை ஆங்கிலத்தில் புஸ்தகமாக வெளியிட்டார். ஆலய மாடிக்குப் பின்னால் நடந்த வாழ்க்கையை உலகம் தெரிந்துகொண்டது பெரும்பாலும் அவர் புண்ணியத்தில்தான்.

*

1948இல் இஸ்ரேல் தேசம் உருவாயிற்று. அப்போது கொச்சி வட்டாரத்தில் சுமார் 2,500 யூதர்கள் இருந்தார்கள். ஆயிரம் வருஷம் வாழ்ந்த மண். யாரும் ‘போ’ என்று சொல்லவில்லை. இருந்தாலும் தினந்தோறும் தொழுகையில் நினைத்த தேசமாயிற்றே! மலபார் யூதர்களில் பெரும்பாலோர் புறப்படுவதென்று தீர்மானித்தார்கள்.

உடனே போக முடிந்ததா? இல்லை. குறுக்கே நின்றது கொசு! கொச்சி என்றால் யானைக்கால் வியாதி என்று ஊர் உலகமெல்லாம் பெயர். அந்த வியாதி தங்கள் நாட்டில் பரவிவிடுமோ என்று இஸ்ரேலின் சுகாதார அதிகாரிகள் பயந்தார்கள். இதனால் மூட்டை கட்டும் எண்ணத்தோடு இருந்த குடும்பங்களுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. 1953இல் சேலம் அங்கே போய் அவர்களுக்காக வாதாடினார். வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் போக வழி தேடிக்கொடுத்த அந்த மனிதர் தாம் போய்க் குடியேறவில்லை. திரும்பி வந்து 1967இல் கொச்சியிலேயே காலமானார்.

1953, 54, 55 ஆகிய வருஷங்களில் ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். குடும்பம் குடும்பமாகப் போனார்கள் என்பதைவிட, சபை சபையாகப் போனார்கள் என்பதே பொருத்தம். மாளாவில் ஒருவர்கூட மிச்சமில்லை. ஆலயத்தை என்ன செய்வது? மயானத்தை யார் பார்த்துக்கொள்வது? 1955இல் இரண்டையும் ஊர்ப் பஞ்சாயத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். முன்னோர்களின் கல்லறையை அயலார் பொறுப்பில் விட்டுச் செல்வதென்றால், அந்த அயலார் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்!

போன இடத்திலும் கொசுப் பயம் தொடர்ந்தது. ஈரம் உள்ள இடத்தில் குடிவைத்தால் வியாதி பரவும் என்று, பலரை வறண்ட இடங்களுக்கு அனுப்பினார்கள். அப்படிக் கிடைத்த ஊர்களில் ஒன்று நெவாத்திம். நெகேவ் பாலைவனத்தில், பேயர்ஷேபாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்பு சிலர் குடியேறிவிட்டுக் கைவிட்ட இடம். 1954இல் கொச்சிக்காரர்கள் வந்தார்கள். காயலும் தென்னந்தோப்பும் இடவப்பாதி மழையுமாக வளர்ந்தவர்கள். மளிகைக்கடை, மீன், முட்டை, கோழி என்று சில்லறை வியாபாரம் செய்து பிழைத்தவர்கள். மண்வெட்டியைப் பிடித்து அறியாதவர்களுக்கு முன்னால் மணல் வெளி!

அவர்கள் அங்கே வேரூன்றியதற்குக் காரணம் ஒன்றாகப் போனதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த வீட்டில் இருந்தவள் அங்கேயும் அடுத்த வீட்டிலேயே இருந்தாள். பிரசவத்துக்கும் துக்கத்துக்கும் பண்டிகைக்கும் அதே கைகள். பிற்பாடு நெவாத்திம்காரர்கள் கண்ணாடிக் குடில்களில் பூச்செடி வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். அங்கிருந்து பூக்கள் ஐரோப்பாவுக்கு விமானம் ஏறின. கொச்சி மாதிரியில் ஆலயமும் கட்டிக்கொண்டார்கள்.

ஒரு பொருளை மட்டும் சுங்க அதிகாரிகள் கவனிக்கவில்லை. பெண்களின் பெட்டிக்குள் புடவைக்கும் முண்டுக்கும் நடுவே பாட்டு நோட்டுப் புஸ்தகங்கள் இருந்தன. மலையாளப் பாட்டுகள். கல்யாணப் பாட்டு, வேதக் கதைப் பாட்டு, ஒவ்வொரு ஊர் ஆலயத்தைப் பற்றியும் பாட்டு, கிளியைக் கூப்பிட்டுப் பாடும் பாட்டு. தாய் எழுதிவைத்ததைப் பெண் பார்த்து எழுதி, அதை அவள் பெண் பார்த்து எழுதி வந்தவை. பழைய ஆசாரமுள்ள யூதர்கள் பல தேசங்களில் ஆண்கள் முன்னிலையில் பெண்கள் பாடுவதை ஒப்புக்கொள்வதில்லை. கொச்சியில் அந்தத் தடை இல்லை. பெண்கள் பாட, ஆண்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

புது தேசத்தில் பேரன் பேத்திகள் ஹீப்ரு பேசினார்கள். பாட்டு நோட்டுகள் பெட்டியின் அடியில் தூங்கின. இனிமேல் போனதுதான் என்ற நிலையில், அறிஞர்கள் சிலர் வீடு வீடாகப் போய்ப் பாட்டிமார்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். 2005இல் ஜெருசலேமில் அந்தப் பாட்டுகள் ஹீப்ரு மொழிபெயர்ப்போடு புஸ்தகமாக வந்தன. புஸ்தகத்தின் பெயர் என்ன தெரியுமா? ‘கார்குழலி’! நம் தமிழ்க் காதுக்கு அர்த்தம் சொல்ல வேண்டுமா என்ன?

*

மட்டாஞ்சேரியில் தங்கிவிட்ட பரதேசிகளின் கதையை இனிப் பார்க்கலாம். வசதியுள்ள குடும்பங்கள், கொச்சிக்கு மின்சாரக் கம்பெனி நடத்திய கோடர் குடும்பம் அவற்றில் ஒன்று. வெள்ளிக்கிழமை மாலையில் கோடர் வீட்டுக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். 1968 டிசம்பரில் ஆலயத்தின் 400ஆவது ஆண்டு விழா நடந்தபோது பிரதம மந்திரி இந்திரா காந்தி நேரில் வந்தார். தபால் தலையும் வெளியிட்டார்கள். அன்றைக்கே தெரு காலியாகத் தொடங்கிவிட்டது. சிறுசுகள் படிப்பென்றும் வேலையென்றும் கல்யாணமென்றும் வெளியே போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை.

பத்துப் பேர் என்பது எவ்வளவு பெரிய தொகை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒன்பது பேர் வந்து உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எர்ணாகுளத்திலிருந்து மலபார் யூதர் ஒருவர் படகேறி வந்தால் தொழுகை தொடங்கும். எந்த மலபார் யூதர்களோடு கொள்வினை கொடுப்பினை கூடாது என்று தலைமுறை தலைமுறையாக ஒதுங்கி இருந்தார்களோ, அவர்கள் வந்தால்தான் பேழை திறக்கும் என்ற நிலை. அவர்கள் பழைய கணக்கைப் பார்க்காமல் வந்தார்கள். பிறகு அதுவும் போதவில்லை. வேடிக்கை பார்க்க வந்த வெளிநாட்டு யாத்திரிகர்களில் யூதர்கள் இருக்கிறார்களா என்று விசாரித்து, “இன்று மாலை சற்று நேரம் இருந்துவிட்டுப் போக முடியுமா?” என்று கேட்டு மின்யானை நிரப்பினார்கள்.

யூதத் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார். பூத்தையல் வேலை செய்து விற்கும் சிறு கடை. தொழுகைக் குல்லாவும், ஓய்வு நாள் ரொட்டியை மூடும் துணியும் அவர் கையால் தைத்தவை. கணவர் போனார், பிள்ளைகள் இல்லை. அந்தத் தெருவில் படம் விற்றுப் பிழைக்க வந்த ஒரு முஸ்லிம் பையனுக்கு, சரக்கு வைத்துக்கொள்ளத் தங்கள் வீட்டில் இடம் கொடுத்திருந்தார்கள். பையன் பெரியவனானான். தையலை அந்த அம்மாளிடமே கற்றுக்கொண்டான். கடையையும் கவனித்து, கடைசி வரை அவரையும் கவனித்துக்கொண்டவன் அவன்தான். 2019இல் தம் 96ஆம் வயதில் அந்த அம்மாள் காலமானார். 2024 ஆகஸ்டில், பரதேசிப் பிரிவில் மட்டாஞ்சேரியில் மிஞ்சியிருந்த கடைசிப் பெண்மணியும் போய்விட்டார். இன்று கேரளத்தில் இருக்கும் யூதர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நீங்கள் கொச்சிக்குப் போனால் யூதத் தெருவுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலிலும் சனிக்கிழமையிலும் ஆலயத்தைப் பார்வையாளருக்குத் திறப்பதில்லை. அதற்குத் தகுந்தபடி புறப்படுங்கள். செருப்பை வாசலில் விட்டுவிடுங்கள். நீல ஓடுகளை எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். பிறகு நிமிர்ந்து மாடியைப் பாருங்கள். கைப்பிடிச் சுவரோரமாக வாசிப்பு மேடை தெரியும். அதற்குப் பின்னால் மரத் தடுப்பு. பெண்கள் உட்கார்ந்திருந்த இடம் அது.